பதினெட்டு அடி உயரத்தில் ஒரு திருத்தம்

ஒரு நல்ல கயிற்றை இரண்டு இடத்தில் வெட்டிவிட்டு, இப்போதுதான் இது பாதுகாப்பான கயிறு என்று எழுதிக் கையொப்பம் வைக்க ஒருவர் எவ்வளவு படித்திருக்க வேண்டும் என்பது கனகசிங்கத்துக்குத் தெரியாது. அவன் எட்டாம் ஆண்டோடு பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டவன். ஆனால் மரம் தெரியும், கயிறு தெரியும். கூரைமேல் சாய்ந்த முருங்கையோ மின்கம்பியில் முட்டும் வாகையோ, ஆரையம்பதியிலும் காத்தான்குடியிலும் யாருக்காவது மரத்தால் தொல்லை என்றால் இருபத்திரண்டு வருடமாகக் கூப்பிடுவது இரண்டு பேரைத்தான். காத்தான்குடி றவூப், ஊர்ப் பேச்சில் அண்ணன் என்ற பொருளில் றவூப் காக்கா, மேலே ஏறுவார். ஆரையம்பதி கனகசிங்கம் கீழே நின்று கயிறு பிடிப்பான்.

தொழில் இவ்வளவுதான்: றவூப் இடுப்பு வாரைப் போட்டு மரத்தில் ஏறி, உச்சிக் கொப்பில் ஒரு கப்பியைக் கட்டுவார். கயிற்றின் ஒரு முனையை இடுப்பில் கொளுவிக்கொள்வார். கயிறு கப்பிக்குள்ளால் போய்க் கீழே வந்து அடிமரத்தில் இரண்டு சுற்றுச் சுற்றி, கனகசிங்கத்தின் கையில் முடியும். வேலை முடிந்ததும் அவன் சுற்றை இளக்க இளக்க அவர் இறங்குவார். இதில் ஒரு சூட்சுமமும் கிடையாது. கயிறு ஒரே கயிறாக இருக்க வேண்டும். பிடிக்கிறவனுக்கு மேலே தொங்குகிறவர்மேல் கொஞ்சம் அன்பு இருக்க வேண்டும்.

இப்படி ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்த தொழிலைப் பாதுகாக்கத்தான் உயரத் தொழில் பாதுகாப்பு அதிகாரசபை வந்து இறங்கியது.

களுவாஞ்சிக்குடிப் பக்கம் ஒரு மாடிவீட்டை வாடகைக்கு எடுத்துச் சபையின் மாவட்டக் காரியாலயத்தைத் திறந்தார்கள். காரியாலயம் கீழ்மாடியில் மட்டும் இயங்கியது. மேல்மாடிக்குப் போவதானால் உயர அனுமதிப் பத்திரம் வேண்டும், அந்தப் பத்திரத்தை வழங்கும் கிளை மேல்மாடியில் இருந்தது. மாவட்டப் பணிப்பாளராக யதுர்ஷன் வந்தார். முப்பத்தெட்டு வயது, மடிப்புக் கலையாத சட்டை. சொந்த ஊர்க் கோயிலின் நிருவாகசபைத் தலைவரும் அவர்தான். உயரத்தில் பணிபுரிவது பற்றிக் கொழும்பில் ஐந்து நாள் விசேட பயிற்சி பெற்றவர். பயிற்சி ஒரு ஹோட்டலின் ஏழாம் மாடியில் நடந்ததாம். ஆகவே உயரத்துக்குக் குறைவில்லை.

முதலாம் வருடமே ஏழாம் இலக்கச் சுற்றறிக்கை வந்தது. ஒவ்வொரு கயிற்றிலும் ஆய்வுக்காக ஒரு முழம் மாதிரி எடுக்கப்பட வேண்டும். முனைகள் கைபட்டுப் பழுதானவை ஆகையால் மாதிரியை முனையில் எடுக்கலாகாது. இரண்டு முனைகளிலிருந்தும் முப்பதாவது அடியில் எடுக்க வேண்டும்.

கனகசிங்கம் அதை எழுத்துக்கூட்டி வாசித்தான். பிறகு றவூப்பிடம் கொடுத்தான். அவரும் வாசித்தார். இரண்டு பேரும் கயிற்றையும் தூக்கிக்கொண்டு பணிப்பாளர் முன்னால் போய் நின்றார்கள்.

"சேர், கயிற ரெண்டு இடத்தில வெட்டினா அது மூண்டு கயிறு" என்றான் கனகசிங்கம்.

"நீங்க கயிறப் பாக்கிறீங்க. நான் கயிற்றின் தரத்தைப் பாக்கிறன்" என்றார் யதுர்ஷன். "அதுதான் உங்களுக்கும் எனக்கும் உள்ள வித்தியாசம்."

"முடிச்சுப் போட்டுத்தானே சேர் பாவிக்கணும். முடிச்சு கப்பிக்குள்ள போகாது. ஆள் இடையில மாட்டிருவாரு" என்றார் றவூப்.

"அது கப்பிட பிரச்சினை. கப்பிக்கு வேற சுற்றறிக்கை வருது."

மேசையில் இருந்த உத்தியோகத்தர் கஜானி கத்தரிக்கோலை எடுத்தாள். அவள் கை ஒருமுறை தயங்கியது, பிறகு வெட்டியது. இரண்டு முழத்துண்டுகள் மேசையில் விழுந்தன. ஒரு கயிறு மூன்றாகிவிட்டது.

புதுக் கயிறு வாங்கினால் அதையும் வெட்டுவார்கள். வெட்டாத கயிற்றோடு பிடிபட்டால் சபை தந்த தொழில் சான்றிதழ் பறிபோகும். இரண்டு பேரும் யோசித்து ஒரு வழி கண்டார்கள். கப்பியை இருபத்தெட்டு அடிக்குக் கீழே கட்டினால் முடிச்சு கப்பியைத் தொடுமுன்னே றவூப்பின் கால் நிலத்தைத் தொட்டுவிடும். வேலை இரண்டு மடங்காகியது. இருந்தாலும் ஏழு மாதம் ஒரு கீறல்கூட இல்லாமல் சமாளித்தார்கள். சபை அந்த ஏழு மாதத்தையும் தன் சாதனை என்று பத்திரிகையில் போட்டுக்கொண்டது.

பிறகு அந்த நாள் வந்தது.

ஆரையம்பதி வாவிக்கரையில், விளையாட்டுத் திடலின் ஓரமாக, அறுபத்துநாலு அடி வளர்ந்த ஒரு மாரா மரம். திடலுக்கு மேலே நீட்டிய ஒரு பட்ட கொப்பை எடுக்க வேண்டும். அதைப் பார்க்கப் பணிப்பாளரே குடையோடும் அட்டைப் பலகையோடும் வந்துவிட்டார். களப் பரிசோதனையாம். கப்பியை எங்கே கட்டப் போகிறீர்கள் என்று கேட்டார். இருபத்தெட்டு அடியில் என்றான் கனகசிங்கம்.

"மூண்டாம் சுற்றறிக்கைப்படி கப்பி மரத்தின் முக்கால் உயரத்தில. அதாவது நாப்பத்தெட்டு அடி. உங்கட இருபத்தெட்டு எங்க எழுதியிருக்கு?"

அது எங்கேயும் எழுதியிருக்கவில்லை. கனகசிங்கத்தின் தலைக்குள் மட்டும் இருந்தது. "முடிச்சு மாட்டும் சேர்" என்றான். "அப்ப சான்றிதழத் தந்திட்டுப் போங்க" என்றார் பணிப்பாளர். கனகசிங்கம் றவூப்பைப் பார்த்தான். "பரவால்லடா கனகு, ஒள்ளுப்பம் மெதுவா இறக்கு, பாப்பம்" என்றார் அவர். கனகசிங்கமும் "ஓம்" என்றான். அந்த ஒரு ஓமுக்காக அவன் தன் வாயில் தானே எத்தனை முறை அறைந்துகொண்டிருப்பான் என்பதற்குக் கணக்கில்லை.

றவூப் ஏறினார், நாற்பத்தெட்டு அடியில் கப்பியைக் கட்டினார், கொப்பை அழகாக வெட்டி இறக்கினார். பிறகு தானும் இறங்கத் தொடங்கினார். முப்பது அடி கயிறு ஓடியதும் மேலே முடிச்சு கப்பியின் வாயில் வந்து இறுகிக்கொண்டது. றவூப் பதினெட்டு அடி உயரத்தில் நின்றுபோனார். கனகசிங்கம் கயிற்றை இளக்கினான், உலுப்பினான், ஒன்றும் நடக்கவில்லை. பக்கத்து வளவில் வர்ணம் அடிக்கிறவர்களின் ஏணி ஒன்று கிடந்தது. ஓடிப்போய்த் தூக்கிக்கொண்டு வந்தான்.

பணிப்பாளர் கையை உயர்த்தினார். "நில்லுங்க. ஏணி எங்கட உபகரணப் பட்டியல்ல இல்ல."

"சேர், ஆள் தொங்குறாரு."

"தெரியுது. நான் நிக்கக்குள்ள பட்டியல்ல இல்லாத சாமான் மரத்தில பட்டா எனக்குத்தான் விளக்கம் கேட்டுக் கடிதம் வரும். தலைமையகத்துக்குப் போன் எடுத்துக் கேக்கிறன்."

எடுத்தார். தலைமையகத்தில் எல்லோரும் சாப்பாட்டுக்குப் போயிருந்தார்கள். அதனால் அவரும் ஒரு பற்றிஸை எடுத்துச் சாப்பிட்டார். கனகசிங்கம் ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றான். மேலே இருந்து றவூப், "கனகு, கால் செத்துப் போச்சிடா" என்றார். அவர் எட்டிப் பக்கத்துக் கொப்பொன்றைப் பிடித்து, அதில் ஏறி உட்காரலாம் என்று நினைத்துக் கொக்கியைக் கழற்றினார். முப்பத்தாறு நிமிடம் வாரில் தொங்கிய கால்கள் அவரைத் தாங்கவில்லை. பணிப்பாளர் வாயைத் துடைத்து முடிக்குமுன் றவூப் நிலத்தில் கிடந்தார். இடுப்பெலும்பு இரண்டு இடத்தில் உடைந்தது.

இனி அறிக்கை. சபையின் விபத்துப் படிவத்தில் 'விபத்துக்கான காரணம்' என்ற இடத்தில் இரண்டே இரண்டு கட்டங்கள். ஒன்று தெய்வச்செயல். மற்றது மதுபோதை. பணிப்பாளர் நெடுநேரம் யோசித்தார். தெய்வச்செயல் என்று போட்டால் எந்தத் தெய்வம் என்று தலைமையகம் கேட்கும். விழுந்தவர் ஒரு மதம், கீழே நின்றவர் இன்னொரு மதம், இது இனநல்லிணக்கத்துக்குப் பாதகமாக முடியலாம். ஆகவே பொறுப்புணர்வோடு மதுபோதையில் சரி போட்டார். கஜானி அதைத் தட்டச்சுச் செய்தாள். பிரதிகள் தலைமையகத்துக்கும் கிராம சேவகருக்கும் சம்பந்தப்பட்டவரின் மத நிறுவனத்துக்கும் போயின.

மத நிறுவனம் என்றால் பள்ளிவாசல். அந்தப் பள்ளிவாசலின் தண்ணீர் மோட்டர் அறையைப் பூட்டித் திறக்கும் திறப்பு பதினொரு வருடமாக றவூப்பிடம்தான் இருந்தது. தினமும் விடியற்காலைச் சுபஹுத் தொழுகைக்கு முன்னே போய் மோட்டரைப் போட்டு, ஊர் கைகால் கழுவி வுழூச் செய்யத் தண்ணீர் நிரப்பி வைப்பவர் அவர். கடிதம் போய் மூன்றாம் நாள் பாறூக் ஹாஜியார் பள்ளிவாசல் நிருவாகத்தின் சார்பில் ஒரு பிஸ்கட் பெட்டியோடு வீட்டுக்கு வந்தார். சுகம் விசாரித்தார், சுகமாக வேண்டித் துஆக் கேட்டார். "சுகமாகும் மட்டும் இரிக்கட்டும்" என்று மெல்லச் சொல்லித் திறப்பை வாங்கிக்கொண்டு போனார். ஒரு கடுஞ்சொல் இல்லை. அதுதான் றவூப்பைக் கொன்றது. இடுப்பு உடைந்தபோது அழாத மனிதர் அன்று சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தவர்தான்.

"இந்த மனிசன் கலியாணம் முடிச்ச நாள்ல இருந்து தேத்தண்ணியத் தவிர ஒண்டும் குடிச்சதில்ல, தம்பி" என்றார் அவருடைய மனைவி சித்தி நபீஸா. "கடத்தெருவில என்னக் கண்டா சனம் கதைய நிப்பாட்டுது. எலும்பு பொருந்திரும் எண்டு டொக்டர் சொல்லிட்டாரு. இது எப்ப பொருந்தும்?"

அடுத்த திங்கட்கிழமையே கனகசிங்கம் காரியாலயத்துக்குப் போனான்.

"அறிக்கையத் திருத்தணும் சேர். காக்கா குடிக்கிற ஆளில்ல. உங்களுக்கே தெரியும்."

"எனக்குத் தெரியிறது வேற, கோப்புக்குத் தெரியிறது வேற" என்றார் பணிப்பாளர். அவர் கோபப்படவில்லை. ஒரு குழந்தைக்குச் சொல்வதுபோலப் பதினாலாம் பிரிவை எடுத்து வாசித்துக் காட்டினார். உயரத்தில் நிகழ்ந்த சம்பவத்தின் அறிக்கையைத் திருத்துவதாயின், மாவட்டப் பணிப்பாளர் சம்பவம் நிகழ்ந்த அதே இடத்தில், அதே உயரத்தில் இருந்து நேரில் பரிசீலித்து, மூன்று பிரதிகளில் கையொப்பமிட வேண்டும்.

"அப்ப ஏறுங்க சேர். கயிறு நான் பிடிக்கிறன்."

பணிப்பாளர் சிரித்தார். "நான் நிருவாகம், கனகசிங்கம். நிருவாகம் ஏறினா கீழ ஆர் பாக்கிறது?"

மேசையில் றவூப்பின் கோப்பு இருந்தது. அதைச் சுற்றிக் கட்டியிருந்த கயிற்றைக் கனகசிங்கம் அப்போதுதான் பார்த்தான். நீலமும் வெள்ளையும் கலந்த முறுக்கு. அவனுடைய கயிறு. ஆய்வுக்கென்று வெட்டிய முழம். அந்த அறையில் இருந்த அத்தனை கோப்புகளையும் மாவட்டத்து மரம் வெட்டிகளின் முழத்துண்டுகள்தான் கட்டி வைத்திருந்தன. ஒன்றையும் யாரும் எங்கேயும் ஆய்வு செய்திருக்கவில்லை. கோப்புக் கட்டக் கயிறு போதாமல் ஒரு சபை சுற்றறிக்கை போட்டிருக்கிறது. அதற்காக ஒரு மனிதர் பதினெட்டு அடியிலிருந்து விழுந்திருக்கிறார். கனகசிங்கத்துக்கு அந்த மேசையைத் தூக்கிக் கவிழ்க்க வேண்டும் போலிருந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு, "சரி சேர்" என்று சொல்லிவிட்டு வெளியே வந்தான்.

வாசல்வரை கஜானி பின்னால் வந்தாள். பதினாலாம் பிரிவின் பிரதி ஒன்றையும் மூன்று வெற்றுத் திருத்தப் படிவங்களையும் அவன் கையில் வைத்தாள். "வச்சிக்கங்க அண்ணன். அத அடிச்சது என்ட கைதான். அண்டையில இருந்து சோறு இறங்குதில்ல" என்றாள்.

பதின்மூன்று திங்கட்கிழமைகள் அவன் போனான். பதின்மூன்று தடவையும் அதே பதினாலாம் பிரிவு, அதே சிரிப்பு. பதினாலாவது திங்கட்கிழமை அவனைக் காரியாலயமே கூப்பிட்டது.

உயரப் பாதுகாப்பு வாரம் வருகிறதாம். எந்த மாவட்டப் பணிப்பாளர் உயரத்தில் மிகச் சிறப்பாகப் புகைப்படம் எடுத்துக்கொள்கிறாரோ அவருக்குத் தேசிய விருதாம். யதுர்ஷன் சும்மா இருப்பாரா? மரத்தின் உச்சியிலிருந்து சபையின் கொடியை விரித்துப் பிடித்தபடி மெல்ல இறங்கப் போகிறார். இடமும் அவரே தெரிந்தெடுத்தார். வாவிக்கரை மாரா மரம். பின்னால் தண்ணீர் தெரியும், படத்துக்கு நல்லது. விபத்து நடந்த மரம் என்றால் விழிப்புணர்வுக்கும் நல்லது. கீழே கயிறு பிடிக்கச் சான்றிதழ் உள்ள ஒரு ஆள் வேண்டும். மாவட்டத்தில் மற்ற எல்லோரும் சான்றிதழைச் சுருட்டி எறிந்துவிட்டுத் தென்னந்தோட்டக் கூலிக்குப் போய்விட்டார்கள். மிச்சம் இருந்தவன் கனகசிங்கம் ஒருவன்தான்.

"பழசை மனசில வச்சிக்கொண்டு மாட்டன் எண்டிராதீங்க" என்றார் பணிப்பாளர்.

"நான் மாட்டன் எண்டு சொல்லுவனா சேர்" என்றான் கனகசிங்கம்.

வெள்ளிக்கிழமை கொழும்பிலிருந்து கயிறு வந்தது. நூற்றிருபது அடி, சிவப்பு, வெளிநாட்டுச் சரக்கு. பணிப்பாளர் அதைத் தடவிப் பார்த்துப் பெருமைப்பட்டுவிட்டுக் கோயில் கூட்டத்துக்குப் போனார். கனகசிங்கம் கயிற்றைத் தூக்கிக் கஜானியின் மேசையில் வைத்தான்.

"தங்கச்சி, இதில மாதிரி எடுக்கல்லயே."

கஜானி கயிற்றைப் பார்த்தாள். அவனைப் பார்த்தாள். ஏழாம் சுற்றறிக்கையை எடுத்து முதலிலிருந்து கடைசிவரை ஒரு தரம் வாசித்தாள்.

"ஓம் அண்ணன். விதிவிலக்கு ஒண்டும் எழுதல்ல" என்று கத்தரிக்கோலை எடுத்தாள். இம்முறை கை தயங்கவில்லை. கனகசிங்கம் மூன்று துண்டையும் தன் உயிரைக் கட்டுவதுபோல இறுக்கி முடிந்தான். யானையைத் தொங்கவிட்டாலும் அவிழாது. முடிச்சுகளின்மேல் 'பரிசோதிக்கப்பட்டது' என்ற சபை முத்திரையை அவள் ஒட்டினாள்.

விழா நாளன்று திடல் நிறைந்தது. சிவப்புக் கம்பளம், வாழை, பந்தல். முன்வரிசைக் கதிரைகளில் தலைமையகத்து அதிகாரிகள். இரண்டாம் வரிசையில் மதப் பெரியார்கள், அவர்களில் பாறூக் ஹாஜியாரும் இருந்தார். பணிப்பாளரின் சட்டைக் கழுத்தில் ஒரு சின்ன ஒலிவாங்கியைக் குத்தியிருந்தார்கள். மேலேயிருந்தும் அவர் பேச வேண்டுமல்லவா?

"பாதுகாப்பு கயிற்றில் இல்லை, கோப்பில் இருக்கிறது" என்று அவர் தொடங்கினார். "கயிறு அறுந்து போகலாம். கோப்பு அறுந்து போவதில்லை. கடந்த காலாண்டில் எமது மாவட்டத்தில் ஒருவர்கூட மரத்திலிருந்து விழவில்லை. காரணம், ஒருவர்கூட மரத்தில் ஏறவில்லை. இதைவிடப் பாதுகாப்பு உலகில் எங்கே இருக்கிறது? எமது சபை ஒரு மனிதனையும் கைவிட்டதில்லை. கைவிட வேண்டுமென்றால் முதலில் கையில் பிடித்திருக்க வேண்டும். நாங்கள் அப்படிப்பட்ட அவசரக்காரர்கள் அல்லர்." முன்வரிசை கைதட்டியது.

மின்கம்பி வேலைக்கான கூடை லொறி ஒன்றை இரவல் வாங்கியிருந்தார்கள். கூடையில் கனகசிங்கமும் பணிப்பாளரும் ஏறினார்கள். நாற்பத்தெட்டு அடியில், மூன்றாம் சுற்றறிக்கைப்படி, கனகசிங்கம் கப்பியைக் கட்டினான். பணிப்பாளரைக் கொப்பில் உட்கார வைத்து, இடுப்பு வாரையும் தொடை வாரையும் இழுத்துப் பார்த்து, கொக்கியைப் பூட்டி, பூட்டை இரண்டு தரம் சோதித்தான். அந்தக் கொப்புக்குக் கொஞ்சம் கீழே இலைகளை ஒட்டிச் செவ்வெறும்புகள் கட்டிய ஒரு முசுற்றுக் கூடு, தேங்காயளவில் தொங்கியது. அதை அவன் காணவில்லை என்று சொன்னால் பொய். கூடையில் அவன் கீழே வந்ததும் லொறிக்காரர் கையசைத்துவிட்டுப் பாசிக்குடாவில் வேறு வேலை என்று லொறியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

கனகசிங்கம் கயிற்றை இளக்கினான். கொடியை விரித்தபடி பணிப்பாளர் இறங்கினார். படம் எடுப்பவர்கள் முண்டியடித்தார்கள். பத்து அடி, இருபது அடி, முப்பது அடி. மேலே முடிச்சு வந்து கப்பியின் வாயில் இறுகியது. பணிப்பாளர் நின்றார்.

"என்ன, நிப்பாட்டிட்டீங்க? விடுங்க" என்றது ஒலிபெருக்கி.

"விட்டுத்தான் இருக்கு சேர். முடிச்சு மாட்டிட்டு."

"என்ன முடிச்சு? புதுக் கயிறுதானே?"

"மாதிரி எடுத்தது சேர். முப்பதாவது அடியில."

திடல் முழுக்க அது கேட்டது. பணிப்பாளர் குனிந்து நிலத்தைப் பார்த்தார். "கனகசிங்கம், அந்த வளவில ஏணி இருக்கும். கெதியா எடுத்துக்கொண்டு வாங்க."

ஏணி எங்கேயோ அல்ல, மேடைக்குப் பின்னால்தான் இருந்தது. கனகசிங்கம் காலையிலேயே கொண்டுவந்து சாத்தியிருந்தான்.

"ஏணி உபகரணப் பட்டியல்ல இல்லயே சேர்" என்றான்.

இரண்டாம் வரிசையில் யாரோ சிரித்தார்கள். தலைமையகத்து அதிகாரி ஒருவர் எழுந்து, ஏணியைக் கொண்டுவரச் சொல்லிக் கத்தப் போனார். கஜானி ஓடிப்போய்ச் சுற்றறிக்கையை அவர் முன்னால் நீட்டினாள். பட்டியலில் இல்லாத உபகரணத்துக்கு மாவட்டப் பணிப்பாளரின் எழுத்து மூல அனுமதி வேண்டும் என்று இருந்தது. கீழே அந்த அதிகாரியின் கையொப்பமே இருந்தது. அவர் மெல்ல உட்கார்ந்தார்.

இந்த நேரம் பார்த்து முசுறுகள் கயிறு வழியாக இறங்கி வந்து சேர்ந்தன. பணிப்பாளர் கொடியை விட்டார். கழுத்தைத் தட்டினார், காதைத் தட்டினார், மரியாதைக்குரிய இடங்களையெல்லாம் தட்டினார். ஒலிவாங்கி எல்லாவற்றையும் ஊருக்குச் சொன்னது.

"காலை ஆட்டிக்கொண்டே இருங்க சேர்" என்றான் கனகசிங்கம். "கொக்கியில நான் கட்டின ஒரு சின்னக் கயிறு தொங்குது பாருங்க. அதில காலை வச்சு ஊண்டி ஊண்டி எழும்புங்க. இல்லாட்டி கால் செத்திரும்." இதை அவன் பகிடிக்குச் சொல்லவில்லை. றவூப் விழுந்தபிறகு ஆஸ்பத்திரி டொக்டரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டது. அன்றைக்கு இது அவனுக்குத் தெரிந்திருக்கவில்லை. பிறகு ஒரு அட்டைப் பலகையில் மூன்று படிவங்களையும் பேனையையும் செருகி, ஒரு நூற்கயிற்றில் கட்டி எறிந்தான். பணிப்பாளர் அதைப் பிடித்தார்.

"என்ன இது?"

"திருத்தப் படிவம் சேர். பதினாலாம் பிரிவு. அதே இடம், அதே உயரம். காக்கா தொங்கினது இதே பதினெட்டு அடிதான். நேரில பரிசீலிச்சிட்டீங்க. இனி எழுதலாம்."

"முதல்ல இறக்குங்க, மறுகா எழுதிறன்."

"கீழ வந்தா உயரம் பிழைச்சிரும் சேர்."

பணிப்பாளர் அவனை ஏசினார். பிறகு கெஞ்சினார். பிறகு பேனையை எடுத்தார். முசுறு கடிக்கக் கடிக்க ஒரு கட்டத்தில் சரி போட்டார்.

"என்ன போட்டீங்க சேர்? சத்தமா வாசிங்க."

"தெய்வச்செயல்."

"தெய்வமா சேர் கயிற வெட்டினது?"

ஒலிபெருக்கியில் முசுறைத் தட்டும் சத்தம் வந்தது. பிறகு பணிப்பாளர் உடைந்தார். "வெட்டினது நாங்கதான். அந்தாள் குடிக்கல்ல. எனக்கு அண்டைக்கே தெரியும். பெட்டி ரெண்டுதான் இருந்திச்சு, அதில ஒண்டப் போட்டன். ஏணியும் பக்கத்திலதான் கிடந்திச்சு. நான்தான் விடல்ல. போதுமா?"

"அதை அப்படியே எழுதுங்க சேர். மூண்டு பிரதியிலயும்."

எழுதினார். ஒரு சொல் விடாமல் வாசித்தார். கடைசியாக ஏணிக்கான அனுமதியையும் எழுதிக் கையொப்பமிட்டார். அது கைக்கு வந்த அடுத்த கணமே கனகசிங்கம் ஏணியைச் சாத்தி, தானே ஏறி, அவரை முதுகில் தாங்கி, ஒரு கீறல் படாமல் நிலத்தில் கொண்டுவந்து விட்டான். பணிப்பாளரின் முகம் பலாப்பழமளவு வீங்கியிருந்தது. படம் எடுப்பவர்கள் அதையும் எடுத்தார்கள்.

அன்று பின்னேரமே பாறூக் ஹாஜியார் றவூப் வீட்டுக்கு வந்தார். இம்முறை பிஸ்கட் பெட்டி இல்லை. திறப்பை றவூப்பின் உள்ளங்கையில் வைத்து, அந்தக் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, "நாங்க கேட்டிரிக்கணும் றவூப். உங்களட்ட ஒரு வார்த்த கேட்டிரிக்கணும்" என்றார். ஹாஜியார் போனபிறகுதான் றவூப் அழுதார். சித்தி நபீஸா அவர் அழுது முடிக்கும்வரை பக்கத்தில் இருந்துவிட்டுத் தேநீர் ஊற்றப் போனார்.

ஆறாம் நாள் கனகசிங்கம் ஒரு கடதாசியோடு வந்தான். றவூப் ஊன்றுகோலைச் சுவரில் சாத்திவிட்டுக் கதிரையில் இருந்தார். சட்டைப் பையில் திறப்பு இருந்தது.

"எவ்வளவு நேரம் தொங்கினாரு?" என்று கேட்டார் றவூப். ஆறு நாளாக அதையேதான் கேட்டுக்கொண்டிருந்தார்.

"நாப்பத்தொரு நிமிசம்."

"நான் முப்பத்தாறு. அஞ்சு நிமிசம் ஏன்டா கூட?"

"மூண்டு பிரதி எழுதணுமே காக்கா."

றவூப் சிரித்தார். சிரிக்க இடுப்பு நொந்தது, இருந்தாலும் நிறுத்தவில்லை.

"இது என்ன கடதாசி?"

"உயரத்தில பணிப்பாளருக்கே ஏதும் நடந்தா கயிறு பிடிச்சவன் ஏழு நாளைக்குள்ள விபத்து அறிக்கை குடுக்கணும். சட்டம். பணிப்பாளர் தொங்கினதுக்கு நான்தான் நிரப்பணும். எல்லாம் நிரப்பிட்டன். காரணம் மட்டும் மிச்சம்." படிவத்தைத் திருப்பிக் காட்டினான். பழைய படிவம்தான், சபை இன்னும் மாற்றவில்லை. இரண்டே கட்டங்கள். "தெய்வச்செயல் எண்டு போடவா?"

றவூப் படிவத்தை வாங்கிப் பார்த்தார். சிரிப்பு நின்றுவிட்டது. இந்த விடயத்தில் அவர் விளையாடுகிற மனிதர் அல்ல.

"வேணாம்டா கனகு. அந்த மனிசன் செஞ்ச வேலைக்குள்ள அல்லாஹ்ட பேர இழுக்காத. உங்கட சாமிட பேரையும் இழுக்காத. பாவம்."

"அப்ப ஒரு பெட்டிதான் காக்கா மிச்சம்."

"மற்ற ரெண்டு பிரதியும் ஆருக்குப் போகும்?"

"கிராம சேவகருக்கு ஒண்டு. சம்பந்தப்பட்டவரிர மத நிறுவனத்துக்கு ஒண்டு. அவருதானே கோயில் தலைவர்."

றவூப் சட்டைப் பையில் இருந்த திறப்பை ஒரு தரம் தொட்டுப் பார்த்துக்கொண்டார். பிறகு பேனையை எடுத்துக் கனகசிங்கத்தின் கையில் கொடுத்தார்.

"பாவம்டா, மனிசன் கோயிலுக்குப் போக ஏலாமப் போயிருமே" என்றார்.

"பிழை எண்டு பட்டாத் திருத்தலாம் தானே காக்கா. பதினாலாம் பிரிவு இரிக்கி." கனகசிங்கம் மதுபோதைக் கட்டத்தில் ஒரு சரி போட்டு, மை காயும்வரை ஊதினான். "அதே மரம், அதே பதினெட்டு அடி. ஏறட்டும். கயிறு நான் பிடிக்கிறன்."